புள்ளடிக்கு ஞானஸ்நானம் தேவையில்லை

2024 நவம்பர், பாராளுமன்றத் தேர்தலுக்கு முந்தின ஞாயிறு. மன்னார்ப் பக்கம் ஒரு பங்கு. பெயர் வேண்டாம், ஏனெண்டால் இது அந்தப் பங்கின் கதை மட்டும் இல்லை. நாங்கள் நாலு பேர், ஒரே கலைப்பீடம். இரண்டு பேர் அந்த ஊர்க் கத்தோலிக்கர், ஒருத்தி தென்னிந்தியத் திருச்சபை, மற்றவன் சைவம். அவன் வந்தது பூசைக்கு இல்லை, அம்மம்மாவின் மீன்குழம்புக்கு.

பூசை முடிஞ்சு அறிவித்தல் வாசிச்சார்கள். திருமண அறிவித்தல் இரண்டு, வின்சென்ட் டி போல் சபைக் கூட்டம் ஒண்டு. பிறகு, 'எங்கள் சமூகத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் தேர்தலில் நிற்கிறார், அவரை உங்கள் செபத்தில் நினைவுகூருங்கள்.' வாக்குப் போடுங்கோ எண்டு ஒருதரும் சொல்லவில்லை. செபிக்கத்தான் சொன்னார்கள். வெளியில் வந்தால் சகோதரர் வாசலில் நிற்கிறார், வெள்ளைச் சேட்டு, கழுத்தில் செபமாலை. ஒவ்வொருதரின் கையையும் பிடிச்சு ஒரே வசனம்: 'நான் உங்கட பிள்ளை.'

அவ்வளவுதான். இந்தியன் ரோலர்கள் எங்கட கடலை வழிச்சு அள்ளுறதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடற்படையிடம் இருக்கும் காணியைப் பற்றி இல்லை, காற்றாலையைப் பற்றி இல்லை. எங்கட பிள்ளை என்பதுதான் முழுத் தேர்தல் விஞ்ஞாபனமும்.

சைவப் பெடியன் மெதுவாகக் கேட்டான்: 'மச்சான், இவர் எந்தக் கட்சி?' எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. நோட்டீசை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னோம். அந்த வெட்கத்தில் இருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குது.

2025 இல் உயிர்த்த ஞாயிறு முடிஞ்ச கையோடு மே 6 உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. அந்தமுறை விருப்பு வாக்கு இல்லை, வட்டாரம். வட்டாரம் சின்னது, ஆகவே 'எங்கட ஆள்' என்ற கதை இன்னும் கிட்ட வந்து காதுக்குள் ஊதினது. அதனால்தான் எழுதுறோம்.

முதலில் ஒண்டைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். 'மதத்தையும் அரசியலையும் கலக்கக் கூடாது' என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. அந்த வசனம் கொழும்பு ஹோட்டல் மண்டபத்துக் கருத்தரங்குகளுக்கு நல்லாப் பொருந்தும். எங்கட ஊர்களில் கோயில்தான் அகதி முகாமாக இருந்தது, கோயில்மேல்தான் குண்டும் விழுந்தது. 1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் விமானப்படை குண்டு போட்டபோது நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1999 நவம்பரில் மடுக் கோயில் வளவுக்குள் எறிகணை விழுந்தது. 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு மரியன்னை தேவாலயத்துக்குள் வைத்து, நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பின ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த மண்ணில் நின்று ஒருவர் விசுவாசம் வேறு அரசியல் வேறு என்று சொன்னால், அவர் ஒண்டில் இங்கே வாழாதவர், இல்லாட்டில் யாருக்கோ உதவி செய்கிறவர்.

எங்கட கேள்வி, விசுவாசம் புள்ளடிக்குள் எந்த வழியால் வருகிறது என்பதுதான்.

ஒரு வழியை மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் காட்டினார். 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் போய் நின்று, அரசாங்கத்தின்ரை சொந்தப் புள்ளிவிவரத்தையே எடுத்துக் கூட்டிக் கழிச்சு, 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். அந்தத் தொகையில் எத்தனை கத்தோலிக்கர், எத்தனை சைவர் என்று அவர் பிரிக்கவில்லை. கோயிலுக்கு மதில் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கேட்கவில்லை. விசுவாசம் அரசியலுக்குள் வந்தால் இப்படித்தான் வர வேணும் என்பது எங்கட நிலைப்பாடு. அவர் சொன்ன எல்லாவற்றோடும் நாங்கள் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்ட காலத்தில் அப்படிக் கேட்கிறதுக்கு என்ன விலை இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

மற்ற வழிதான் கோயில் வாசலில் செபமாலையோடு நிற்கும் வழி. அங்கே விசுவாசம் ஒரு சாதிச் சான்றிதழ் மாதிரி வேலை செய்யுது. ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் இருக்கா, இருந்தால் புள்ளடி.

இதுக்கு எதிராக எங்களிட்ட இருக்கிற பெரிய சாட்சி ஒரு கிறிஸ்தவர்தான். செல்வநாயகம் புரட்டஸ்தாந்துக்காரர். அவரைத் திரும்பத் திரும்பப் பாராளுமன்றம் அனுப்பிய காங்கேசன்துறை சைவத் தொகுதி. 1952 இல் அங்கே சைவ அறிஞரான சு. நடேசபிள்ளையிடம் அவர் தோற்றார் என்பதும் உண்மைதான். ஆனால் நாலு வருஷம் கழிச்சு, தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956 இல், அதே சனம் அதே வேதக்காரரைத்தான் தெரிவுசெய்தது. 1975 இடைத்தேர்தல் வரைக்கும் அப்படியே. கீரிமலையில் பிதிர்க்கடன் செய்கிற சனம், பைபிள் வாசிக்கிற மனிசனைத் தந்தை என்று கூப்பிட்டது. அவர்கள் மதம் பார்த்திருந்தால் எங்களுக்குத் தந்தை செல்வா இல்லை. இதைச் சொல்லிப் பெருமைப்படுகிற அதே வாயால், 'எங்கட வேதக்காரனுக்குப் போடுங்கோ' என்று எப்படிக் கேட்கிறது?

இன்னும் பின்னால் போகலாம். 1924 இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தொடங்கின பெடியளுக்கு எங்கட வயசுதான். அதில் முன்னுக்கு நின்ற ஹன்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. பிறகு வாலிபர் காங்கிரஸ் என்று ஆன அந்த இயக்கம் சாதிக்கு எதிராகப் பேசினது, முழுச் சுதந்திரம் கேட்டது, 1931 தேர்தலைப் பகிஷ்கரிச்சு வடக்கில் நாலு ஆசனத்தை வெறுமையாக விட்டது. பகிஷ்கரிப்புச் சரியா பிழையா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கலாம், எங்களுக்குள்ளேயே அதில் இரண்டு கட்சி. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி ஆட்சி யாருடையது என்பது. எங்கட பங்கு ஆளுக்கு எத்தனை ஆசனம் என்று அவர்கள் கேட்கவில்லை.

சரி, மதம் பார்த்துப் புள்ளடி போட்டால் என்ன கிடைக்கும்? 2019 ஐப் பார்ப்போம்.

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன். மூன்று தேவாலயங்கள், மூன்று ஹோட்டல்கள், 260 க்கு மேற்பட்ட உயிர்கள். அந்த ஒரு கிழமைக்குள், செத்தவர்களை முழுக்க அடக்கம் பண்ணி முடியமுதல், கோட்டாபய தான் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப் போகிறேன் என்று ஊடகத்துக்குச் சொல்லிவிட்டார். பிறகு அந்த முழுத் தேர்தலும் 'பாதுகாப்பு' என்ற ஒற்றைச் சொல்லில் ஓடினது. எங்கட துக்கத்தை வேறொருவர் தன்ரை மேடைக்குத் துணியாக விரிச்சார். இடையில் மே மாதம் மினுவாங்கொடையிலும் குளியாப்பிட்டியிலும் முஸ்லிம் சனத்தின்ரை கடைகளும் பள்ளிவாசல்களும் அடிச்சு உடைக்கப்பட்டன. அதையும் எங்கட காயத்தின் பெயரால்தான் நியாயம் சொன்னார்கள்.

நவம்பரில் கோட்டாபய 52 வீதம் எடுத்து வென்றார். ஆனால் இங்கேதான் கவனிக்க வேண்டிய விசயம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எண்பது வீதத்துக்கு மேல் சஜித்துக்கு விழுந்தது. மட்டக்களப்பில், சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளை இழந்த அதே ஊரில், எழுபத்தெட்டு வீதம். குண்டு மூன்று தேவாலயங்களுக்கும் ஒரே காலையில்தான் விழுந்தது. ஆனாலும் கட்டுவாப்பிட்டிக்கும் மட்டக்களப்புக்கும் அந்தத் தேர்தல் ஒரே தேர்தலாக இருக்கவில்லை. தெற்கில் கத்தோலிக்கர் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, அது உண்மையும் இல்லை. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர் சிலுவையைப் பார்த்துப் புள்ளடி போடவில்லை, 2009 ஐப் பார்த்துப் போட்டார்கள். பாதுகாப்பு என்று சொன்ன ஆளின் பாதுகாப்பை அவர்கள் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். ஆக, 'கிறிஸ்தவ வாக்கு' என்று ஒன்று இந்தத் தீவில் இல்லவே இல்லை. இருக்கிறது மாதிரிக் கதைக்கிறவர்கள் அதை விற்க வந்தவர்கள்.

பாதுகாப்புக்குப் போட்ட வாக்குக்கு என்ன கிடைச்சது? 2021 மார்ச் 7 இல் நீதி கேட்டுக் கறுப்பு ஞாயிறு அனுட்டிக்க வேண்டி வந்தது. தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேணும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 ஜனவரியில். அதை வாங்கித் தந்தது வழக்குப் போட்ட சனம், வாக்குக் கேட்டு வந்த வீரர் இல்லை. அந்த வீரரின் ஆட்சியில்தான் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை வலுக்கட்டாயமாக எரிச்சார்கள், 2021 பெப்ரவரிக் கடைசி வரைக்கும். புதைக்கிற வழக்கம் எங்களுக்கும் உள்ளதுதான். மரித்தோரின் உயிர்ப்பை விசுவசிக்கிறேன் என்று ஞாயிறு தோறும் சொல்கிற நாங்கள், பக்கத்து வீட்டு வாப்பாவை எரிக்கும்போது எவ்வளவு சத்தமாகக் கதைச்சோம்?

நவாலிக்காக நீர்கொழும்பில் ஒரு கறுப்பு ஞாயிறு அனுட்டிச்சதாக நாங்கள் எங்கேயும் வாசிக்கவில்லை. இதை வன்மமாகச் சொல்லவில்லை. ஒரே திருச்சபை என்று சொல்கிறதுக்கு முதல் பார்க்க வேண்டிய கணக்கு இது.

எங்கட பக்கத்தையும் சொல்ல வேணும். 2019 மார்ச் 3, சிவராத்திரிக்கு முதல் நாள். திருக்கேதீச்சரத்துக்குப் போகிற வழியில் மாந்தையில் சைவர்கள் கட்டிய வளைவை ஒரு கூட்டம் கத்தோலிக்கர் பிடுங்கி எறிந்தார்கள். வீடியோவை நாடு முழுக்கப் பார்த்தது. மன்னார் மாவட்டத்தில் கத்தோலிக்கர் பாதிக்கு மேல். நாட்டில் சிறுபான்மையாக இருக்கிற நாங்கள், பெரும்பான்மையாக இருக்கிற ஒரேயொரு மாவட்டத்தில் என்ன செய்தோம் என்பதற்கு அந்த வளைவு ஒரு சாட்சி. எங்களோடு மீன்குழம்பு சாப்பிட வந்த பெடியன் அந்தக் கதையை ஒருநாளும் எடுக்கவில்லை. நாங்கள்தான் எடுத்தோம். அவன் சொன்னான், 'என்ரை அம்மா அதுக்குப் பிறகுதான் முதல்முதலா, உன்ரை கம்பஸ் கூட்டாளியள் என்ன சமயம் எண்டு கேட்டவ.'

'எங்கட ஆள்' அரசியல் செய்கிறது இதைத்தான். நீ உன்ரை ஆளைக் கொண்டு வந்தால் அவன் தன்ரை ஆளைக் கொண்டு வருவான். சைவர் சைவருக்கே போட வேணும் என்ற குரல் வடக்கில் இப்ப கேட்கத் தொடங்கியிருக்கு. சுமந்திரனைப் பற்றி விமர்சிக்க அரசியல் காரணம் ஆயிரம் இருக்கலாம், எங்களுக்கும் இருக்கு. ஆனால் அவர் மெதடிஸ்தர் என்பதை ஒரு குற்றம் மாதிரி எடுத்து வீசுகிறபோது எங்களுக்குக் கோவம் வருகுது. அந்தக் கோவத்துக்கு எங்களுக்கு உரிமை வேணும் எண்டால், முதலில் நாங்கள் எங்கட கோயில் வாசலைக் கூட்ட வேணும்.

செபக்கூட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. அங்கே வேட்பாளர் வாசலில் நிற்பதில்லை, தீர்க்கதரிசனம் வருது. யார் ஜனாதிபதி என்று ஆண்டவர் காட்டிவிட்டார் என்று வட்ஸ்அப்பில் குரல்பதிவு சுற்றும். வெல்கிறவருக்கு ஏற்ற மாதிரித்தான் பிறகு அது திருத்தி அனுப்பப்படும் என்பது வேறு விசயம். வென்ற பிறகு, அதிகாரம் எல்லாம் கடவுளால் வந்தது, எதிர்க்கக் கூடாது என்று பவுலை இழுப்பார்கள். அந்தப் பவுலையே அதிகாரம் சிறையில் போட்டது என்பதை ஒருதரும் ஞாபகப்படுத்துவதில்லை. இவ்வளவுக்கும், 2008 சுற்றறிக்கையைக் காட்டி, பதிவு இல்லை அனுமதி இல்லை என்று அடிக்கடி மிரட்டப்படுகிறது இந்தச் சின்னச் சபைகள்தான். ஒரு பாஸ்டரின் செப வீட்டை மூடச் சொல்லிக் கூட்டம் வந்து நிற்கும்போது, கத்தோலிக்கர் நாங்கள் 'அது அல்லேலூயாக்காரரின் பிரச்சினை' என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். தேர்தல் வந்தால் மட்டும் எல்லாரும் கிறிஸ்தவர்.

2024 இல் வேறொரு கதையும் ஓடினது: 'திசைகாட்டிக்குப் போடாதேங்கோ, அவங்கள் கொம்யூனிஸ்ட், கடவுள் இல்லை எண்டுறவங்கள்.' இது பழைய பயம். 1949 இல் வத்திக்கான் கொம்யூனிசக் கொள்கையை ஏற்கிற கத்தோலிக்கர் திருச்சபைக்குப் புறம்பானவர் என்றே ஆணை போட்டது. 1960 இல் சிறிமாவோ அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்தபோது, பெற்றோர் வகுப்பறைகளுக்குள் போய்க் குந்தியிருந்து மறிச்சார்கள். அந்தப் பள்ளிக்கூடக் காயத்தின் கதை எங்கட தாத்தாமார் காலத்தில் இருந்து வீடுகளில் சொல்லப்படுது. ஆனாலும் 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அந்தக் கட்சி மூன்று ஆசனம் எடுத்தது, வன்னியில் இரண்டு. போட்டவர்களில் பூசைக்குப் போகிறவர்களும் இருந்தார்கள், எங்கட நாலு பேரில் ஒருவரும் இருந்தார். அவரோடு எங்களுக்கு இருக்கிற சண்டை அந்தக் கட்சி கடவுளை நம்புதா என்பது பற்றி இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று சொல்லி வந்தவர்கள் ஆட்சிக்கு வந்து ஆறு மாதம் தாண்டியும் சட்டம் அப்படியே இருந்தது என்பது பற்றி.

இப்ப அம்மம்மாவின் வாதத்துக்கு வருவோம், ஏனெண்டால் அதுதான் எல்லாவற்றையும் விடப் பலமான வாதம். குழம்பை ஊத்திக்கொண்டே சொன்னா:

'பிள்ளையள், நீங்கள் படிச்ச ஆக்கள், கதைப்பியள். நாளைக்கு ஒரு கடிதம் வேணுமெண்டால், ஒரு பெடியனைப் பொலிஸ் பிடிச்சுதெண்டால், நான் ஆரிட்டப் போறது? எங்கட ஆள் எண்டால் வீட்டுக் கதவைத் தட்டலாம்.'

இதை மூடத்தனம் என்று சொல்கிறவர் இந்த மாவட்டத்தில் ஒரு வீட்டுத்திட்டப் பட்டியலைப் பார்த்ததில்லை. கத்தோலிக்கர் கத்தோலிக்க எம்.பியிடம், முஸ்லிம்கள் முஸ்லிம் எம்.பியிடம், சைவர்கள் சைவ எம்.பியிடம் என்று கோப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கிற முறை வருஷக்கணக்காக ஓடியிருக்கு. வேலை, வீடு, வீதி எல்லாம் அந்தக் கதவால்தான் வந்தது. அம்மம்மா அறிந்த அரசு அதுதான். அவவுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டியதை ஒருவர் சலுகையாகத் தந்து, அதுக்கு நன்றியாகப் புள்ளடியை வாங்கிக்கொண்டு போகிறார். வாங்கிக்கொண்டு போகிறவருக்கு இந்த ஏற்பாடு மாறத் தேவையில்லை. மாறினால் கதவைத் தட்ட ஆள் வராது.

ஆனால் கதவால் வராத சாமான்களும் இருக்கு. முள்ளிக்குளத்தைப் பாருங்கோ. கத்தோலிக்கக் கிராமம். 2007 இல் சனத்தை வெளியேற்றினார்கள், பிறகு கடற்படை முகாம் வந்தது. 2017 இல் சனம் வீதியில் குந்தியிருந்து போராடின பிறகுதான் ஒரு பகுதிக் காணியை விடச் சம்மதிச்சார்கள். இந்த முழுக் காலத்திலும் வன்னியில் கத்தோலிக்க எம்.பி இல்லாமலா இருந்தது? சொந்தக் கோயிலுக்குச் செபிக்கப் போகலாம், சொந்த வீட்டுக்குப் போக ஏலாது. கடலும் அப்படித்தான். ரோலர் எந்தச் சமயத்தவன்ரை வலை என்று பார்த்து அறுப்பதில்லை. எங்கட வலையை அறுக்கிற அந்த இந்தியப் படகுகளிலும் மாதா படம் ஒட்டியிருக்கும்!

பாப்பரசர் பிரான்சிஸ் 2025 ஏப்ரலில் இறந்தார். 2015 ஜனவரியில் அவர் மடுவுக்கு வந்ததை எங்களுக்கு ஞாபகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், தோளில் தூக்கிக் காட்டினார்கள். அதுக்கு ஒரு கிழமைக்கு முதல் ஜனாதிபதித் தேர்தல். பாப்பரசரின் படத்தைத் தேர்தல் பிரசாரத்துக்குப் பாவிக்க வேண்டாம் என்று இந்த நாட்டுத் திருச்சபை அரசியல்வாதிகளைக் கேட்க வேண்டி வந்தது. பாப்பரசருக்கே அப்படியெண்டால், எங்கட பங்கு வாசலில் நிற்கிறவர் செபமாலையைக் கழட்டுவார் என்று எப்படி எதிர்பார்க்கிறது?

ஆகவே எங்கட பங்குகளிடம் நாங்கள் கேட்கிறது சின்ன விசயம். வேட்பாளரைச் செபத்தில் நினைவுகூரச் சொல்கிறதெண்டால், அந்த வட்டாரத்தில் நிற்கிற எல்லா வேட்பாளருக்காகவும் செபியுங்கோ, சைவரும் முஸ்லிமும் உட்பட. வாசலில் நிற்க விடுகிறதெண்டால் எல்லாரையும் நிற்க விடுங்கோ, இல்லாட்டில் ஒருதரையும் விடாதேங்கோ. இன்னும் நல்லது, பங்கு மண்டபத்தில் கதிரையைப் போட்டு எல்லாரையும் இருத்தி, சனத்தைக் கேள்வி கேட்க விடுங்கோ. ஒலிபெருக்கி உங்களிட்ட இருக்கு.

கேட்கிறதுக்கு எங்களிடம் கேள்வி உண்டு. சபையில் காற்றாலைக்கு அனுமதிப் பிரச்சினை வந்தால் எந்தப் பக்கம் கை உயர்த்துவீங்கள்? 1990 இல் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம் குடும்பங்கள் திரும்பி வந்து காணி கேட்டால் என்ன சொல்வீங்கள்? சுடலையில், கிணத்தில், ஏன் எங்கட சேமக்காலையில்கூட இருக்கிற சாதிப் பிரிவைப் பற்றி என்ன நினைப்பு? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லமுதல் நீங்கள் சுவாமியின் முகத்தைப் பார்த்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்வோம்.

இதை எழுதி முடிச்சு அம்மம்மாவுக்கு போனில் வாசிச்சுக் காட்டினோம். மீன்குழம்பைப் பற்றி எழுதினது பிடிச்சிருக்காம். சேமக்காலைக் கதையை எடுக்கச் சொன்னா, எடுக்கவில்லை. பிறகு கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: 'வட்டாரத்துக்குக் கேக்கிறவன் வாற சனிக்கிழமை வீட்ட வாறானாம். நான் தேத்தண்ணி குடுப்பன். கேள்வியை நீங்கள் வந்து கேளுங்கோ.'

வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸுக்கு நாலு பேரும் போறோம்.